மரக்காணம் வந்தால்தான் பேசும் ஆம்ப்ளிஃபயர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசு நம்பிக்கை கிடையாது. மைக் செட் தொழிலில் காலம் தள்ளியவன் நான். சாமி வந்து ஆடுகிறவர்கூட என்னைத் திரும்பிப் பார்த்து, சவுண்டைக் கொஞ்சம் ஏத்துப்பா என்று ஜாடை காட்டிவிட்டுத்தான் குறி சொல்லுவார், அப்படி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் பார்த்தவனுக்கு எங்கிருந்து பயம் வரும்? சுடுகாட்டுப் பாதையில் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டு அதன் கீழேயே துண்டை விரித்துத் தூங்கியிருக்கிறேன், கொசுவைத் தவிர வேறெதுவும் என்னை அண்டியதில்லை. அதனால் நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். ஆனால் ஒன்று, இது நடந்தது பகலில். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது, நான் குடித்திருக்கவில்லை, கூட என் மனைவி மல்லிகாவும் இருந்தாள்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம். எங்கள் வீடு மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி இருந்தது. வாசலில் நின்றால் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், நடுவில் வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரங்கள். இன்றைக்கு டிஜே என்று லாரி உயரத்துக்குப் பெட்டிகளை அடுக்கி, கேட்கிறவன் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற மாதிரி அலறவிடுகிறார்கள். அன்று ஒரு ஆம்ப்ளிஃபயர், நாலு குழாய், ஒரு டேப் டெக், டிரங்குப் பெட்டி நிறைய கேசட், அவ்வளவுதான் என் ராஜ்ஜியம். வீட்டு வாசல் பனைமரத்தில் ஒரு குழாயைக் கட்டி, பிற்பகலில் செட்டை டெஸ்ட் பண்ணுவேன். பாத்தியில் உப்பு வாருகிற பெண்கள் அங்கிருந்தே அது போடு, இது போடு என்று கத்துவார்கள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அம்பாரத்துக்குப் போகிற அவர்கள் நடை பாட்டுக்குத் தகுந்தபடி மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். காலெல்லாம் உப்பு அறுத்த புண்ணோடு உழைக்கிறவர்கள், ஒரு பாட்டுக்கு இத்தனை சந்தோஷப்பட்டார்கள்.

அந்த வருஷம்தான் புது ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். பாண்டிச்சேரியில் ஒரு சந்துக்குள் சின்னக் கம்பெனி. கம்பெனி என்று சொன்னால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், ஒரே அறை, அதில் முதலாளி, இன்ஜினியர், டீ வாங்கப் போகிறவர் எல்லாமே தனகோட்டி என்கிற ஒருத்தர்தான். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒல்லியான ஆள், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். அவரே உட்கார்ந்து ஒவ்வொரு செட்டாகச் சேர்த்து, பற்றவைத்து, கம்பெனி பெயர் ஒட்டி, ஒரு வருஷ வாரண்டி அட்டையும் கொடுப்பார். மல்லிகாவின் கம்மலை அடகு வைத்து வாங்கிய செட். அந்த ஆடி மாசம் எங்கள் அம்மன் கோயில் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு முதல் தடவையாக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அதுவரை திண்டிவனத்துக்காரன் ஒருத்தன்தான் வந்துகொண்டிருந்தான். கோயில் கைக்கு வந்தால் பின்னாலேயே கல்யாணம், காதுகுத்து எல்லாம் வரும், கோயில் போனால் அத்தனையும் போகும், இதுதான் எங்கள் தொழில்.

ஆடி பிறந்து சில நாள் இருக்கும். வழக்கம்போல பிற்பகலில் செட்டைப் போட்டேன். கேசட் போடவில்லை, மைக் செருகவில்லை, உறுமல் வருகிறதா என்று பார்க்க வெறுமனே ஆன் பண்ணினேன். ஒரு நிமிஷம் சும்மா இருந்தது. அப்புறம் குழாயில் ஒரு ஆம்பிளைக் குரல் வந்தது. கொஞ்சம் மூக்கால் பேசுகிற, பழைய காலத்து அறிவிப்பாளர் குரல். மாசி மகத் திருவிழாவுக்கு வந்திருக்கும் பக்த கோடிகளுக்கு ஓர் அறிவிப்பு என்று ஆரம்பித்து, பச்சைப் பாவாடை கட்டிய நாலைந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று தனியாக அழுதுகொண்டு நிற்கிறது என்றது.

எங்கள் கரையில் அந்த வருஷம் குழந்தையைக் காணோம் என்கிற வார்த்தையை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். அம்பாரத்துக்குப் பின்னால், வரப்பில், வாய்க்காலில் எல்லாம் தேடினார்கள், விளைந்து நிற்கிற பாத்தியில் கால் வைக்கக் கூடாது என்பதையே மறந்து குறுக்கே ஓடினார்கள். நான் பயந்துபோய் செட்டை ஆஃப் பண்ணினேன். குழந்தை எதுவும் இல்லை. அப்புறம்தான் ஒருத்தி நின்று யோசித்து, ஆடி மாசத்தில் ஏது மாசி மகம் என்று கேட்டாள். கேட்டுவிட்டு என்னைத் திட்டினாள் பாருங்கள், அதை இங்கே எழுத முடியாது.

நானும் சும்மா இருக்கவில்லை, காரணம் தேடினேன். ஆம்ப்ளிஃபயர் சில சமயம் ரேடியோவை இழுத்துக்கொள்ளும், தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். எர்த் கம்பியை உப்புச் சேற்றில் அடித்திருந்தேன், அது ஏரியல் மாதிரி வேலை செய்கிறதோ என்று பிடுங்கி வேறு இடத்தில் அடித்தேன். திண்டிவனத்துக்காரன் எங்கேயாவது ஒளிந்துகொண்டு வயர்லெஸ் மைக்கில் விளையாடுகிறானோ என்றுகூடச் சந்தேகப்பட்டு பனந்தோப்பெல்லாம் போய்ப் பார்த்தேன். மறுநாள் பேசவில்லை. அதற்கு மறுநாள் பேசியது. வெயில் சாய ஆரம்பிக்கும்போதுதான் பேசும், நானும் குரல் வந்த உடனே ஆஃப் பண்ணிவிடுவேன், முழுசாக என்ன சொல்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஊருக்குள் பேச்சு பரவிவிட்டது. கோயில் தர்மகர்த்தா என்னை வழியில் நிறுத்தி, பேசுற செட்டு எங்களுக்கு வேணாம், பாடுற செட்டு இருந்தா வா, இல்லேன்னா திண்டிவனத்துக்கு ஆள் அனுப்பிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

செட்டைத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தனகோட்டி மூடியைக் கழற்றிப் பார்த்தார், பார்த்தவுடனே முகம் மாறிவிட்டது. உள்ளே தகட்டில் மஞ்சள் மஞ்சளாகக் கறை. தண்ணீர் பட்ட செட்டுக்கு வாரண்டி கிடையாது என்று அட்டையை எடுத்துக் காட்டினார். அது எப்படி வந்தது என்றால், சாவு வீட்டுக்குப் போய்வந்த செட்டை வாசலில் வைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்து, தீட்டுக் கழித்துத்தான் வீட்டுக்குள் எடுப்பாள் மல்லிகா. இல்லாவிட்டால் அடுத்து கல்யாண வீட்டுக்கு அதை எப்படிக் கொண்டுபோவது? ஆள் குளிக்கிற மாதிரி செட்டும் குளிக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். குழாயின் மேல் தெளி என்று சொல்லியிருந்தேன், அவள் தாராள மனசுக்காரி, எல்லாவற்றின் மேலும் தெளித்திருக்கிறாள். தனகோட்டி தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் துடைத்து, காயவைத்து, ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு உறுமல் இல்லை. சாயங்காலம் வரை ஓடியது. இதில் ஒன்றும் இல்லை, எடுத்துக்கொண்டு போ என்றார்.

வீட்டுக்கு வந்து போட்டேன். மறுநாளே பேசியது. மறுபடி பாண்டி, மறுபடி அங்கே ஊமை. பல்வலிக்காரன் டாக்டர் வாசலை மிதித்ததும் வலி போய்விடுகிற கதைதான். எங்கள் ஊருக்கு வந்து ஒரு தடவை பாருங்கள் என்று கேட்டேன். அதெல்லாம் வழக்கமில்லை என்றார். பஸ் செலவு நான் தருகிறேன், சாப்பாடு போடுகிறேன் என்றேன். வேலை இருக்கிறது என்றார். பாண்டியிலிருந்து கடலோரமாகவே பஸ் வருகிறது, ஏறி உட்கார்ந்தால் மரக்காணம், ஆனால் அவர் என்னமோ நான் கடல் தாண்டி வரச் சொன்ன மாதிரி பிடிவாதம் பிடித்தார். மூன்றாவது தடவை போகும்போது மல்லிகாவும் வந்தாள். கடை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"சார், மஞ்சத்தண்ணி தெளிச்சது நான்தான். அதுக்கு வேணா என்னைத் திட்டிக்குங்க. ஆனா திருவிழா போச்சுன்னா எங்க பொழப்பு போச்சு. நீங்க வந்து காதால கேக்குறேன்னு சொல்ற வரைக்கும் நான் எழுந்திரிக்க மாட்டேன்."

வருகிற போகிறவர்களெல்லாம் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். மானஸ்தர், அவரால் அதைத் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார்.

சொன்னபடி வந்தார். ஒரு கையில் டூல்ஸ் பை, இன்னொரு கையில் அதே மாதிரி புது செட் ஒன்று. கோளாறு என் செட்டில் இல்லை, உன் வயரிங்கில்தான் என்று நிரூபிக்கக் கொண்டுவந்தாராம். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து ஆள் சரியில்லை. கடல் இருக்கிற பக்கம் திரும்பவே இல்லை, பேச்சும் குறைந்துவிட்டது. மல்லிகா வைத்த நெத்திலிக் குழம்பை மட்டும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம் புது செட்டைப் போட்டுப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. என் செட்டைப் போட்டார், அதுவும் சுத்தமாக இருந்தது. வெயில் கொஞ்சம் சாய்ந்தது. ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்கு அவமானமாகப் போய்விட்டது. ஏம்பா ஏழுமலை, பேசுதுன்னு சொன்ன, வெக்கப்படுதா என்று கேட்டுக்கொண்டே பையைக் கட்ட ஆரம்பித்தார்.

அப்போது பேசியது.

நான் வழக்கம்போல ஆஃப் பண்ணக் கையை நீட்டினேன், அவர் என் கையைத் தட்டிவிட்டார். தொழில்காரர் அல்லவா, கோளாறு முழுசாகத் தெரிய வேண்டும் அவருக்கு. டெக் வயரைப் பிடுங்கினார், எர்த்தைப் பிடுங்கினார், பின்னால் இருந்த ஒவ்வொரு செருகலையும் கழற்றினார். குழாய்க்குப் போகிற வயரும் கரண்ட்டும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. குரல் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அன்றுதான் முதல் தடவையாக நாங்கள் அதை முழுசாகக் கேட்டோம்.

"பேரு கேட்டா பாப்பான்னு மட்டும் சொல்லுது. கையில ஒத்தைச் செருப்பு ஒண்ணு வச்சிருக்குது, கேட்டா அண்ணன் செருப்புங்குது. மைக் செட் பந்தலாண்ட உக்கார வச்சிருக்கோம். சொந்தக்காரங்க யாராச்சும் வந்து கூட்டிட்டுப் போங்க."

தனகோட்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மயக்கம் என்று நினைத்து மல்லிகா தண்ணீர் கொண்டு வந்தாள். அவர் வாங்கவில்லை. குரல் நின்றதும் மல்லிகாவைப் பார்த்துச் சொன்னார்.

"அது என் செருப்பும்மா. நாங்க கிளியனூர் பக்கம். மாசி மகத்துக்கு இங்கதான் வந்தோம், இதே கரைக்கு. செருப்ப பாத்துக்கோ பாப்பா, தோ வந்துர்றேன்னு சொல்லிட்டு நான் கடல்ல எறங்கினேன். திரும்பி வந்தா ஒரு செருப்புதான் இருக்குது. இன்னொண்ணையும் காணோம், தங்கச்சியையும் காணோம்."

சின்னப் பையனாக இருந்தபோது நடந்ததாம். அதற்குப் பிறகு அவர் மரக்காணம் பக்கமே வந்ததில்லை. சென்னைக்குப் போக வேண்டுமென்றால்கூட திண்டிவனம் வழியாகத்தான் போவாராம். மைக்கில் சொல்லவில்லையா சார் என்று கேட்டேன், என் வாய் சும்மா இருக்காது. அவர் செட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னாங்களாம்பா. திரும்பத் திரும்ப சொன்னாங்களாம். ஆனா அன்னிக்கு செட்டு ரிப்பேர். குழாய்ல எதுவும் வரல. யாருக்கும் ஒண்ணும் கேக்கல. நாங்க தேடிக்கிட்டுப் பந்தலுக்குப் போறப்ப பாப்பா அங்க இல்ல, அப்புறம் கெடைக்கவே இல்ல."

அன்றைக்கு வராத குரல்தான் இத்தனை வருஷம் கழித்து வருகிறது என்று நான் சொல்லவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று முதலிலேயே சொன்னேனே. அவரும் சொல்லவில்லை. மல்லிகாதான் அவர் எதிரே உட்கார்ந்து, நம் வீட்டுப் பெரியவரிடம் பேசுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"பந்தலாண்ட உக்காந்திருக்குதாம் சார். போயி கூட்டிக்கிட்டு வாங்க."

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. ஏற்கனவே நொந்துபோன மனுஷனைப் போய் இப்படிச் சொல்லலாமா என்று தோன்றியது. ஆனால் அவர் எழுந்துவிட்டார். பந்தல் போட்ட இடம் அவருக்கு நினைவு இருந்திருக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரப்பு மேலேயே கடற்கரைப் பக்கம் நடந்தார். நான் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டினார். உப்பு வெளிச்சத்தில் கண் கூசியது, கொஞ்ச தூரத்துக்கு மேல் ஆள் தெரியவில்லை.

ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்தார், தனியாகத்தான் வந்தார். முட்டிவரை மணல். அழுதிருந்தார், அது தெரிந்தது, ஆனால் முகம் தெளிவாக இருந்தது, ஜுரம் விட்டவன் முகம் மாதிரி. அங்கே என்ன பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. புது செட்டை என்னிடம் தள்ளினார். இதை நீ வச்சுக்கோ, வாரண்டியில மாத்திக் கொடுத்துட்டேன்னு வச்சுக்கோ, கோளாறானது கம்பெனிக்கு வந்துடணும், அதுதான் முறை என்றார். அட்டையில் நம்பரையும் மாற்றி எழுதிக் கொடுத்தார். மல்லிகாவைப் பார்த்துக் கும்பிட்டார், அவள் பதறிப்போய் எழுந்து நின்றுவிட்டாள்.

திருவிழா நன்றாகவே நடந்தது. புது செட் கணீரென்று பாடியது, தர்மகர்த்தா எனக்குத் துண்டு போட்டார், திண்டிவனத்துக்காரன் கூட்டத்தில் நின்று கூழ் குடித்துவிட்டுப் போனான். குழாய்ச் சத்தம் கேட்டு உப்பளத்துப் பெண்கள் மறுபடி பாட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். அதற்கப்புறமும் பல வருஷம் தனகோட்டியிடம்தான் சர்வீஸ். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. மரக்காணம் வழியாகக் கடலோர ரோட்டிலேயே சென்னைக்குப் போய்வர ஆரம்பித்திருந்தார், அது மட்டும் தெரியும். இப்போது அவர் இல்லை, அந்தச் சந்தும் அடையாளம் மாறிவிட்டது.

ரேடியோவை இழுத்திருக்கும் என்று நீங்கள் சொல்லலாம், பழைய டேப்பை எவனோ ஓட்டியிருக்கிறான் என்று சொல்லலாம், நானே பல ராத்திரி எனக்கு அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தக் குரலுக்கு ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும். எனக்குக் காரணம் கிடைக்காதது பஸ் ஸ்டாப்பில் நடந்தது.

அன்று சாயங்காலம் பழைய செட்டைத் துணியில் கட்டி, நானே சுமந்துகொண்டு அவரை பஸ் ஏற்றப் போனேன். பாண்டி பஸ் வந்தது. கூட்டம் இல்லை. அவர் முதலில் ஏறினார், நான் கீழே வைத்திருந்த செட்டை எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக் காலடியில் வைத்துக்கொண்டார். சீட்டில் அவர் ஜன்னலோரம் உட்காரவில்லை, அதை விட்டுவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். கண்டக்டர் டிக்கெட் கட்டோடு வந்தார். எங்கே என்றுகூட முழுசாகக் கேட்கவில்லை.

"பாண்டியா? ஒரு முழு, ஒரு அரை. பாப்பா ஜன்னல்ல கைய வெளிய நீட்டாம பாத்துக்குங்க பெரியவரே."

தனகோட்டி எதற்கு அரை டிக்கெட் என்று கேட்கவில்லை. இரண்டு டிக்கெட்டுக்கும் காசை எடுத்துக் கொடுத்தார். பஸ் கிளம்பிவிட்டது.

லக்கேஜ் டிக்கெட்டாக இருக்கும் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். மல்லிகாவிடம் சொல்லும்போதுதான் இன்னொன்று எனக்கே உறைத்தது. படியில் ஏறி நின்று அவர் என்னைப் பார்த்து இரண்டு தடவை கை நீட்டினார். இரண்டாவது தடவைதான் நான் செட்டைக் கொடுத்தேன். முதல் தடவை நான் குனிந்து, கீழே இருந்த செட்டின் துணி முடிச்சைச் சரி பண்ணிக்கொண்டிருந்தேன், என் கையில் ஒன்றும் இல்லை. அவர் குனிந்து, எனக்குப் பக்கத்திலிருந்து எதையோ இரண்டு கையாலும் அள்ளித் தூக்கி, தலை இடிக்காமல் பார்த்து உள்ளே விட்டார்.